பியர் பிரிட்ஜோடு குடிவந்தவர்

எங்கள் தொடர்மாடியின் லிப்ட் கதவு மூடப் பார்க்கும்போது என் வலது கால் தானாக முன்னுக்குப் போய்விடும். வாசல் பக்கம் யாராவது சந்தைப் பையோடு வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பேன். உள்ளே நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒருவர் தொண்டையைச் செருமுவார். நான் அசைய மாட்டேன். அந்த முகச் சுளிப்பு எனக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் இதே லிப்டில், இதே மூலையில் நின்று இதைவிட மோசமாக முகம் சுளித்தவள் நான்.

அப்போது காலைக் கொடுத்துக் கதவை மறித்தவர் எதிர்வீட்டு அங்கிள். மனைவி போன பிறகு கொட்டாஞ்சேனை வீட்டை விற்றுவிட்டு, வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் இருந்த மகள் ஷெரினோடு வந்து சேர்ந்தவர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டையான, உருண்ட மனிதர். வெள்ளைச் சேர்ட்டின் மேல் பொத்தான் எப்போதும் திறந்திருக்கும். கழுத்தில் ஒரு சின்ன வெள்ளிச் சிலுவை. காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு நான் வேலைக்கு இறங்கும் நேரத்தில் பாண் வாங்கிக்கொண்டு வருவார். பிறகு ஏதோ மறந்துபோய் மறுபடி என்னோடு கீழே இறங்குவார்.

"கொஞ்சம் பொறுங்க மகள், ஒரு ஆள் வருது."

"அங்கிள், எனக்கு ட்ரெயின் போயிடும்."

"போகாது. ட்ரெயினும் யாருக்காவது நின்னுதானே போகும்."

ட்ரெயின் போய்விடும். எனக்கு இரத்தம் கொதிக்கும். அவரோ லிப்டுக்குள் ஓடிவந்த ஆளைப் பார்த்து, பெரிய காரியம் ஒன்று முடிந்த மாதிரிச் சிரிப்பார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பார். லிப்டில் கேட்பார், சாப்பாட்டு மேசையில் கேட்பார், செத்த வீட்டுக்குப் போகிற வாகனத்தில் ஏறும்போதும் கேட்பார். "எல்லாரும் வந்தாச்சா?"

இந்த ஒரு கேள்விதான் அந்த மனிதர் என்று சொன்னால் மிகையில்லை. ஒருவர் குறைந்தாலும் அவரால் எதையும் தொடங்க முடியாது. ஷெரின் சொல்லித்தான் எனக்கு இது முழுதாக விளங்கியது. அங்கிளுடைய கலியாணத்தில் பாண்ட் வாசிக்கிற கோஷ்டியில் பெரிய மேளக்காரரை மட்டும் காணவில்லையாம். மாப்பிள்ளை கோயில் படியில் நின்றுகொண்டு, அந்த ஆள் வந்தால்தான் உள்ளே போவேன் என்று அடம் பிடித்தாராம். சுவாமியார் வெளியே வந்து, "தம்பி, மேளத்தையா கட்டப் போறீர்?" என்று கேட்டாராம். பெண் காருக்குள் வியர்த்து ஊற்றிக்கொண்டு இருந்தாளாம். அந்த அம்மா சாகும்வரை இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தாளாம்.

அதையும் மிஞ்சியது அவருடைய பிரியாவிடைப் படம். ஷெரின் வீட்டு வரவேற்பறையில் அது மாட்டியிருக்கிறது. கந்தோர் ஆட்கள் எல்லாரும் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். முன்வரிசை நடுவில் மாலை போட்ட ஒரு வெறும் கதிரை. முதல் தடவை பார்த்தபோது, ஐயோ யாரோ செத்துப் போனார்கள் போல என்று நினைத்தேன். இல்லை. தேநீர் கொண்டுவருகிற ஆள் படத்தில் இல்லை என்று கண்டு, அங்கிள் மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு அவரைத் தேடிக் கன்ரீனுக்குப் போயிருக்கிறார். படம் பிடிக்க வந்தவருக்கு அடுத்த வேலை. இருந்தவர்களைப் படம் எடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"உங்கட படத்தில நீங்களே இல்லையே அங்கிள்," என்று ஒருமுறை கிண்டல் பண்ணினேன்.

"நான் இருந்தது எல்லாருக்கும் தெரியும்தானே," என்றார்.

சரி, நான் சொல்ல வந்தது பிரிட்ஜ் கதை. இந்த மனிதரை நான் அறிந்துகொண்டதே அதால்தான்.

அவர் குடிவந்த அன்று நான் வேலை முடிந்து வந்து லிப்டால் இறங்கினால், என் வாசலில் ஒரு பியர் பிரிட்ஜ் நிற்கிறது. பார்களில் நிற்குமே, ஆள் உயரத்தில், கண்ணாடிக் கதவு போட்டது, அது. கதவில் ஒட்டியிருந்த விளம்பரப் படத்தை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். ஆனாலும் நுரை பொங்கும் கிளாஸின் மேல்பாதி அப்படியே தெரிகிறது. அது நின்ற இடமோ என் துளசிச் சாடிக்குப் பக்கத்தில். எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் காற்றுக்காக நான் துளசி வைத்திருந்தேன். இப்போது துளசிக்குக் காற்றும் இல்லை, மரியாதையும் இல்லை.

கைப்பையைக்கூட வைக்காமல் சண்டைக்குத் தயாராகி எதிர்வீட்டு மணியை அடித்தேன். அங்கிள் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வாங்க வாங்க மகள். எல்லாரும் வந்தாச்சா? நீங்க மட்டும்தானா? வீட்டில வேற ஆள் இல்லையா?"

சண்டைக்கு வந்தவளைப் பார்த்து, மற்றவர்கள் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது? சண்டையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் போய்விட்டது. உள்ளே கூப்பிட்டு, பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்து, தேத்தண்ணீர் தந்தார். ஒரு பக்கம் ஷெரின் பெட்டிகளைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தச் சிலுவைக் கட்டு இதுக்குள்ளயும் இல்ல."

"கவனமாத்தான் மகள் வச்சன். கவனமா வச்சதால்தான் காணல்ல," என்றார் அங்கிள். பிறகு என்னிடம் திரும்பி, "குருத்தோலைச் சிலுவைகள். என் வைஃப் பின்னினது," என்றார்.

குருத்து ஞாயிறன்று கோயிலில் தரும் ஓலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த அம்மா ஒவ்வொரு வருடமும் சின்னச் சிலுவைகளாகப் பின்னி, சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாளாம். மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது. அடுத்த வருடம் கோயிலில் கொடுத்தால், எரித்துத் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாக்குவார்கள். அவள் கடைசியாகப் பின்னியவற்றை மட்டும் அவர் கொடுக்கவில்லை. கொடுக்க மனம் வரவில்லை என்று அவர் சொல்லவில்லை. "மறந்துட்டன்" என்றார். நான் நம்பவில்லை.

அதன் பிறகு நான் எப்படி பிரிட்ஜைப் பற்றிச் சண்டை பிடிப்பது? மெதுவாக, "அது எத்தினை நாளைக்கு அங்க நிக்கும் அங்கிள்?" என்று மட்டும் கேட்டேன்.

அதற்குப் பதில் ஷெரினின் கணவர் ரொஷானிடம் இருந்தது. ரொஷான் நல்ல பிள்ளை. ஆனால் அளவுநாடா இல்லாமல் ஒரு கதிரையையும் நகர்த்த மாட்டார். பல்கனியை அளந்து பார்த்தார். சலவை மிசினைத் தள்ளினால் பிரிட்ஜுக்கு இடம் இருக்கிறது. ஆனால் வேலை செய்யாத பிரிட்ஜுக்கு மிசினைத் தள்ளுவது எதற்கு? சனிக்கிழமைக்குள் அது குளிர வேண்டும். குளிராவிட்டால் சனி பின்னேரம் பழைய இரும்பு எடுக்கிற லொறி வரும், கொடுத்துவிடலாம் என்றார். அங்கிள் சரி என்றார். சத்தமில்லாமல் சரி என்றார்.

அந்த பிரிட்ஜ் துறைமுகத்துப் பொழுதுபோக்கு மன்றம் ஒன்றை மூடியபோது அவருக்குக் கிடைத்தது. பத்திரமாகக் கொட்டாஞ்சேனை வீட்டு முன் அறையில் வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் கந்தோர் நாட்களிலிருந்து வருகிற கூட்டாளிகள் அங்கே கூடுவார்கள். கொச்சிக்கடையில் இருக்கிற பவுல் அங்கிள், இன்னும் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு போத்தல், அதுவும் பேச்சு நீண்டால் பாதியில் சூடாகிவிடும். அந்த அம்மா மாசிச் சம்பலும் பொரித்த கடலையும் கொண்டுவந்து வைப்பாள். அவள் போன பிறகும் சனிக்கிழமை நின்றதில்லை.

"பவுல் என்ன சொல்றான் தெரியுமா மகள்? வெள்ளவத்தைக்கு ரெண்டு பஸ் மாறி வாறதென்டா பியர் குளிரா இருக்கணுமாம். இல்லாட்டி வீட்டிலேயே இருக்கலாமாம். பகிடிக்குத்தான் சொல்றான். ஆனா ஒரு கிழமை வராட்டி அடுத்த கிழமையும் வரமாட்டான். எனக்கு அவனத் தெரியும்." என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். "சனி போனா எனக்குக் கிழமையே இல்ல மகள்."

நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பினேன். துளசிச் சாடியை நானே ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

லொறியில் அந்த பிரிட்ஜைப் படுக்கப் போட்டுத்தான் கொண்டுவந்தார்களாம். முன் சீற்றில் இடம் இருந்தும் அங்கிள் பின்னால் ஏறி, மெத்தைகளுக்கு நடுவே அதைக் கையால் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். படுக்கப் போட்ட பிரிட்ஜை உடனே போடக் கூடாது, எண்ணெய் இறங்க வேண்டும் என்று என் கணவர் சிவா ஒரு வீடியோவைப் பார்த்துக் கண்டுபிடித்தார். சிவா வீட்டில் ஒரு பல்பும் மாற்றாத மனிதர். பியர் என்றதும் பொறியியலாளராகிவிட்டார். அங்கிள் ஒரு நாள் முழுக்கப் பொறுத்தார். மறுநாள் போட்டால் உள்ளே விளக்கு எரிந்தது, குளிர் வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "டக்" என்று ஒரு சத்தம், பிறகு அமைதி.

அதிலிருந்து எங்கள் மாடி சந்தையாகிவிட்டது. பழைய உருண்டைக் கால் பிளக்குக்கு மாட்டிய அடாப்டர்தான் பிழை என்று இரண்டாம் மாடிக்காரர் சொல்லி, புதிய பிளக் போட்டார்கள். தரை சமமில்லை, கதவு இறுக மூடவில்லை என்று சிவா சொல்லி, ஒரு காலுக்கு அடியில் காட்போட் மடித்து வைத்தார். உள்ளே இருக்கிற குமிழை யாரோ கூட்டினார்கள், யாரோ குறைத்தார்கள். கீழே காவலுக்கு நிற்கிற பண்டா வந்து பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, "அங்கிள், மேக ஹொந்தடம உணுய் நே," என்றான். நன்றாகச் சுடுகிறதே என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலையால் வந்து என் வீட்டுக் கதவைத் திறக்கவே நான் ஆட்களை விலக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் போகும்போது அங்கிள் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுப்பதையும், மற்ற வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதையும் பார்த்தேன். பத்து வருடமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிற எனக்கு இரண்டாம் மாடிக்காரரின் பெயர் அந்தக் கிழமைதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை, காலி வீதிக் கடையில் பிரிட்ஜ் திருத்துகிற நவாஸ் நானா வந்தார். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டதால் தொப்பியோடேயே வந்து, குழாயைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். "கேஸ் போயிருக்கும் அங்கிள். திங்கக்கிழம சிலிண்டரோட வாறன், கழட்டிப் பாப்பம்."

"திங்கக்கிழம லேட் தம்பி," என்றார் அங்கிள்.

இதில் இன்னொரு சிக்கல், சனி போயா, பௌர்ணமி விடுமுறை. சாராயக் கடை ஒன்றும் திறக்காது. அதனால் அங்கிள் வெள்ளியே ஒரு பெட்டி பியர் வாங்கி வைத்திருந்தார். அது பிரிட்ஜின் காலடியில் சூடாக இருந்தது. என் வீட்டு பிரிட்ஜில் வைக்கலாமா என்று சிவா இரகசியமாகக் கேட்டார். விரதத் தயிரும் பிரசாதமும் இருக்கிற பிரிட்ஜில் பியரா, நினைத்தும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேல்மாடி கனகம் அன்ரியும் அதையே சொன்னா. ஓய்வு பெற்ற கணக்கு ரீச்சர், முட்டைகூடத் தொடமாட்டா.

சனி காலையில் நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அங்கிள் கதிரையை பிரிட்ஜுக்கு முன்னால் போட்டுக்கொண்டு போனில் பேசினார்.

"பவுல், நான்தான்... இல்ல, ஒண்ணுமில்ல. இன்டைக்கு... பாரு, பஸ்ஸும் குறைவா இருக்கும்..."

எனக்கு அந்தக் குரல் தாங்கவில்லை. யாரையும் எங்கேயும் விட்டுவிட்டு வராத மனிதர், ஒரு ஆளை வரவேண்டாம் என்று சொல்லப் பார்க்கிறார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை, வாய் வரவில்லை. தும்புத்தடியைப் போட்டுவிட்டுப் போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"அங்கிள், போனை வையுங்கோ. ரெண்டு போத்தல் தாங்கோ. என்ரை பிரிட்ஜில வைக்கிறன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். போனில், "பவுல், சும்மாதான் எடுத்தன், நேரத்துக்கு வா," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

என் பிரிட்ஜில் எல்லாம் கொள்ளாது. அங்கிள் பியர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிப்டில் ஏறினார். சிவா பின்னால் போனார். ஒவ்வொரு மாடியாக இறங்கி, ஒவ்வொரு வீட்டிலும் மணி அடித்து, பிரிட்ஜில் கொஞ்சம் இடம் இருக்கா என்று கேட்டார்களாம். கனகம் அன்ரி கூட ஒரு போத்தலைப் பேப்பரில் சுற்றி வாங்கி, மரக்கறித் தட்டில் பூசணிக்காய்க்குப் பின்னால் ஒளித்து வைத்தா. "கடவுளே, இதை ஒருத்தரும் காணக் கூடாது" என்று சொன்னாவாம்.

"எந்த வீட்டில என்ன குடுத்தனீங்களெண்டு ஞாபகம் இருக்கோ?" என்று சிவாவிடம் கேட்டேன்.

"அங்கிள் தேவையில்லை எண்டு சொல்லிட்டார். அவையளே கொண்டு வருவினமாம்."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பின்னேரம்தான் விளங்கியது. போத்தலைக் கொண்டுவர வேண்டும் என்றால் ஆள் வரத்தானே வேண்டும். கள்ளர்!

நாலு மணிக்குப் பவுல் அங்கிளும் மற்ற இரண்டு கூட்டாளிகளும் வந்து இறங்கினார்கள். பவுல் அங்கிள் ஒல்லியாக, உயரமாக இருப்பார். எங்கள் உருண்டை அங்கிளைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டுக்குள் போகவில்லை. மாடியில், பிரிட்ஜைச் சுற்றிக் கதிரை போட்டார்கள். இரண்டாம் மாடிக்காரர் குளிர்ந்த போத்தலும் மனைவியும் பக்கோடாவுமாக வந்தார். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு டொக்டர் தம்பதி, ஒரு போத்தலோடு. நவாஸ் நானா அந்த வழியால் போனவர், எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். வந்தவரை விடுவாரா அங்கிள்? அவருக்கு ஜிஞ்சர் பியர் வந்தது. கனகம் அன்ரி சீலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக்கொண்டு படியால் இறங்கி வந்தா, லிப்டில் ஆள் கண்டுவிடும் என்ற பயத்தில். ரொஷான் மட்டும் கதவு நிலையில் சாய்ந்து, பிரிட்ஜையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பவுல் அங்கிள் பிரிட்ஜின் பக்கத்தில் காதை வைத்தார்.

"டேய், இது ஏன் பேசாம நிக்குது? அங்க கர்ர்ரென்டு பாடிக்கொண்டே இருக்குமே. உன் வைஃப் சொல்லுவா, இதுட சத்தத்தில செபமாலை சொல்ல ஏலாதென்டு."

நவாஸ் நானா நிமிர்ந்தார். "அது ஃபேன் சத்தம். ஃபேன் சுத்தல்லயா? அப்ப கேஸ் இல்ல அங்கிள், நான் அவசரப்பட்டுட்டன்."

பிளக்கைக் கழற்றிவிட்டு ஆண்கள் எல்லாரும் சேர்ந்து பிரிட்ஜைத் திருப்பினார்கள். பின்பக்க அடித்தட்டின் மூடியை நவாஸ் நானா கழற்றினார். உள்ளே இடுக்கில் யாருடைய கையும் போகவில்லை. என் கை மெலிந்தது. போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தேன். விசிறி இதழ்களுக்கு நடுவில் ஏதோ இறுகிக் கிடந்தது. பலமாக இழுத்தேன். காய்ந்த ஓலைத் துண்டுகள், நூலால் கட்டிய கட்டு.

"விளக்குமாற்று ஈர்க்கு," என்றேன். "யாரோ பின்னுக்குக் குப்பையைத் தள்ளியிருக்கினம்." எறிவதற்காகக் கையை ஓங்கிவிட்டேன்.

அங்கிள் என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமாகப் பிடித்தார். அவ்வளவு வலுவை நான் எதிர்பார்க்கவில்லை.

ஓலைத் துண்டுகள் சின்னச் சின்னச் சிலுவைகளாகப் பின்னப்பட்டிருந்தன. சிலது கசங்கியிருந்தது. ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீடு முழுக்க ஆளுங்க சாமான் கட்டிக்கொண்டிருந்தாங்க," என்றார் அங்கிள் மெதுவாக. "எந்தப் பெட்டி எங்க போகுமென்டு தெரியல்ல. பிரிட்ஜ் மட்டும் துலையாது, நான் அதோட கூடவே போறன்தானேயென்டு அதுட பின்னால செருகினன். அவளும் பத்திரமா வருவாளென்டு." பிறகு தலையில் கையை வைத்தார். "லொறியில படுக்கப் போட்டதும் உள்ளுக்கு இறங்கிட்டுது போல. நானே வச்சு நானே மறந்துட்டன்."

நவாஸ் நானா மூடியைப் பூட்டாமலே பிளக்கைப் போட்டார். விசிறி ஒரு சுற்று தயங்கியது, பிறகு கர்ர்ரென்று பாடத் தொடங்கியது. பவுல் அங்கிள் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். கனகம் அன்ரி கை தட்டினா. நான் அழுதுகொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அங்கிள் சிலுவைகளை ஒவ்வொன்றாக நீவி, பிரிட்ஜின் தலையில் அடுக்கி வைத்தார். ஷெரின் கிளாஸ்களை நீட்டினாள். அவர் திறப்பானைக் கையில் எடுத்து, வழக்கம்போல எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

அதுவரை நான் அந்தக் கேள்விக்குப் பதிலே சொன்னதில்லை.

"வந்தாச்சு அங்கிள்," என்றேன். சிலுவைகளைக் காட்டி, "அன்ரியும் வந்தாச்சு. திறவுங்கோ."

அவர் மூடியில் திறப்பானை வைத்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே இன்ரர்கொம் அடித்தது. ரொஷான் போய் எடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். இரும்பு லொறிக்காரர் கீழே வந்து நிற்கிறார் என்று பண்டா சொல்கிறானாம். எல்லாரும் ரொஷானைப் பார்த்தோம். ரொஷான் பாடிக்கொண்டிருந்த பிரிட்ஜைப் பார்த்தார். அவருடைய கை சேர்ட்டுப் பையில் இருந்த அளவுநாடாவைத் தடவியது.

"நாளைக்கு மிசினைத் தள்ளுவம்," என்றார். "அந்தாளைப் போகச் சொல்லிடுறன் மாமா."

அங்கிள் திறப்பானைக் கீழே வைத்தார்.

"ஏன் போகச் சொல்றீங்க மகன்? பாவம், நம்மளை நம்பி வந்திருக்கான். மேல வரச் சொல்லுங்க."

பவுல் அங்கிள் தலையில் அடித்துக்கொண்டார். "நாப்பது வருஷமா இதே கரச்சல்தான் இவனோட," என்றார். குளிர் போத்தல்கள் கையில் வியர்த்துக்கொண்டிருந்தன. பக்கோடா ஆறியது. பிரிட்ஜ் பாடியது. நாங்கள் எல்லாரும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, எங்கள் சாமானை அள்ளிக்கொண்டு போக வந்த மனிதனுக்காகக் காத்து நின்றோம்.

லிப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே சாக்கும் கயிறுமாக ஒரு நடுத்தர வயது மனிதர். தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும், கிளாஸ்களையும் கண்டதும் பயந்துபோனார். பிழையான மாடிக்கு வந்துவிட்டேன் என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, பின்னுக்குப் போய் மூலையோடு ஒட்டிக்கொண்டார். கதவு மூடத் தொடங்கியது.

எல்லாரையும்விட நான்தான் லிப்டுக்குக் கிட்ட நின்றேன். என் கால் எனக்கு முன்னால் போய்விட்டது.

"வாங்கோ அண்ணை," என்றேன். "உங்களுக்காகத்தான் நிக்கிறம்."